உள்ளே இருப்பவருக்கு வருத்தம் வந்தால்

கொட்டாஞ்சேனை வாசகர் ஒருவரின் கேள்வி
3 மார்ச் 2025, இரவு 8.15

வெளியில் இருக்கிற சனத்துக்கே ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. துண்டை எழுதிக் கையில் தந்து, கடையில் வாங்கச் சொல்கிறார்கள். இந்த நிலைமையில் சிறைக்குள் வைத்திய வசதியைக் கூட்ட வேண்டும் என்று பேப்பரில் எழுதுகிறார்கள். குற்றம் செய்தவனுக்கு ராஜ உபசாரமா? யாராவது நியாயம் சொல்லுங்கள்.

3 மார்ச், இரவு 9.40

நான் சொல்கிறேன், கேளுங்கள். என் மாமா, அம்மாவின் தம்பி, 2023இல் 47 நாள் விளக்கமறியலில் இருந்தார். கொடுத்த காசோலை வங்கியில் திரும்பிய வழக்கு. உள்ளே போகும்போது அவருக்குக் கால்விரல் பத்து. வெளியே வரும்போது ஒன்பது. வழக்கு காசு கட்டி முடிந்துபோனது. தண்டனை என்று ஒரு நாள்கூட விதிக்கப்படவில்லை.

'குற்றம் செய்தவன்' என்று எழுதியிருக்கிறீர்கள். நம் சிறைகளில் அடைபட்டிருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இன்னும் தீர்ப்பு வராத விளக்கமறியல்காரர். பிணை கிடைத்தும் கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் கிடப்பவர்களும் அதில் உண்டு. சரி, தீர்ப்பு வந்தவர் என்றே வையுங்கள். நீதவான் கொடுத்தது சிறை. சுகவீனத்தையும் சேர்த்துக் கொடுக்கவில்லை.

மருந்துத் தட்டுப்பாடு பொய்யில்லை. 2022இல் அம்மாவின் பிரஷர் குளிசைக்காக நகர மண்டபத்துப் பக்கம் ஒசுசல என்ற அரசாங்க மருந்துக்கடை வரிசையில் நின்றவன் நான். அங்கே கிடைக்காவிட்டால் பொரளைக்கு நடந்தேன், அங்கும் இல்லையென்றால் மருதானைக்கு. மாமாவுக்கு அந்த நடை இல்லை. கதவு பூட்டியிருக்கிறது, சாவி அரசாங்கத்தின் கையில். அப்படியென்றால் மருந்தும் அரசாங்கத்தின் பொறுப்பு. ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளில் 24ஆவது விதி இதைத்தான் சொல்கிறது: வெளியில் உள்ள சனத்துக்குக் கிடைக்கும் அதே தரத்தில், இலவசமாக. வெளியில் கிடைப்பதைவிட மேலாக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

4 மார்ச், காலை 6.10

இரவு சரியாக நித்திரை வரவில்லை. விரலைப் பற்றி எழுதினேன், அதற்கு முன்னால் நடந்த ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன்.

மாமாவுக்குப் பதினெட்டு வருடமாகச் சீனி வருத்தம். காலையும் மாலையும் கலப்பு இன்சுலின். வீட்டில் இரவு ஏழரைக்கு ஊசி, எட்டு மணிக்கு இடியப்பமோ பாணோ, படுக்கும்போது இரண்டு பிஸ்கட். உள்ளே இராச்சாப்பாடு பின்னேரம் நாலு மணிக்கே வந்துவிடுமாம். ஊசியும் அந்த நேரத்திலேயே. அப்புறம் பூட்டு. அடுத்த சாப்பாடு காலை ஆறரைக்கு. கலப்பு இன்சுலினில் ஒரு பங்குதான் உடனே வேலை செய்யும். பெரிய பங்கு மெதுவாக, பத்துப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இழுத்து வேலை செய்யும். வயிற்றில் சோறு தீர்ந்த பிறகும் அது இரத்தத்தில் சீனியைக் குறைத்துக்கொண்டே இருக்கும்.

ஆறாம் நாள் நடுச்சாமம் மாமாவின் சாரம் வேர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டிவிட்டது. கை நடுங்குகிறது, நாக்குப் பிரளவில்லை. பக்கத்தில் படுத்திருந்தவன் கிராண்ட்பாஸ் பொடியன், இருபத்திரண்டு வயது, போதைத்தூள் வழக்கில் வந்தவன். அவனுடைய ஆச்சியும் சீனிக்காரியாம், இதே கோலத்தில் பார்த்திருக்கிறான். தேத்தண்ணிக்கென்று பேப்பரில் முறுக்கி மடியில் செருகி வைத்திருந்த சீனியை அவிழ்த்து, விரலில் தொட்டு மாமாவின் கன்னத்துக்கு உள்பக்கம் தேய்த்திருக்கிறான். மற்றவர்கள் கம்பியைத் தட்டிச் சத்தம் போட்டார்கள். ஒரு காவலர் வந்தார். அறையைத் திறக்கிற சாவி அவரிடம் இல்லை, பெரியவர் வர வேண்டும், பெரியவர் காலையில்தான் வருவார். அந்த மனிதர் போய்த் தன் போத்தலில் இருந்த இனிப்புத் தேத்தண்ணியைக் கம்பிக்குள்ளால் நீட்டியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாமா பிழைத்தது ஒரு பேப்பர்ச் சுருள் சீனியால். நான் கேட்கிற 'வசதி' என்ன தெரியுமா? இன்சுலின் போடுகிறவருக்கு இரவு எட்டு மணிக்கு நாலு துண்டுப் பாண். அல்லது ஊசி நேரத்தையும் அளவையும் சாப்பாட்டு நேரத்துக்கு ஏற்ப மாற்றி எழுத ஒரு வைத்தியர்.

4 மார்ச், மதியம் 1.20

மேலே நேர்ஸ் ஒருவர் திருத்தியிருக்கிறார், நன்றி. நினைவு தப்பியவரின் வாய்க்குள் எதையும் வைக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். மாமாவுக்கு விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்தது, அதனால்தான் அந்தப் பொடியன் செய்தது உதவியது. நினைவில்லாதவருக்கு ஊசியால்தான் கொடுக்க வேண்டும். அதற்குக் கதவு திறக்க வேண்டும்.

4 மார்ச், இரவு 10.05

இப்போது விரல். எந்தச் சிறை, எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன், கேட்காதீர்கள்.

நீண்ட காலம் சீனி இருந்தால் பாதத்தில் உணர்வு மங்கிவிடும். செருப்புக் கடித்தாலும் தெரியாது. அதனால்தான் கிளினிக்கில் மிஸி, அதாவது நேர்ஸ், ஒவ்வொரு முறையும் 'காலைப் பார்த்தீர்களா' என்று கேட்கிறார். மாமாவின் றப்பர் செருப்பை முதல் வாரமே யாரோ மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கிடைத்தது ஒரு சைஸ் சின்னது. வலது காலின் இரண்டாம் விரலில் பருப்பளவு கொப்புளம். குந்துகிற மலசலகூடம், எப்போதும் ஈரம், ஒருவர் காலை ஒருவர் மிதிக்கிற நெருக்கம். நாலு நாளில் கொப்புளம் உடைந்து மணக்கத் தொடங்கியது. மாமாவுக்கு நோகவில்லை. மணத்தை வைத்துத்தான் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

சிறை வைத்தியர் பார்த்தார், மருந்து கட்டினார், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும் என்று எழுதினார். அன்று போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. பன்னிரண்டாம் நாள் போனார். விரல் கறுத்துவிட்டது. அது போகாவிட்டால் பாதம் போகும் என்று டொக்டர்மார் எடுத்துவிட்டார்கள்.

வார்ட்டில் அவரைப் பார்த்ததை எழுதவா வேண்டாமா என்று பகல் முழுக்க யோசித்தேன். எழுதுகிறேன். வலது காலில் கட்டு. இடது கணுக்காலைக் கட்டிலோடு சங்கிலியில் பூட்டியிருந்தார்கள். அந்தக் காலிலும் உணர்வு குறைவு. ஒரு மிஸி அந்த இரும்பு வளையத்துக்கு உள்ளே கோஸ் துணியை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டிருந்தார், உராய்ந்து அங்கும் புண் வரக் கூடாது என்று. யாரும் சொல்லி அவர் அதைச் செய்யவில்லை.

5 மார்ச், காலை 7.00

ஒரு திருத்தம். முதலில் நான் கோபத்தில் 'வைத்தியர் கவனிக்கவில்லை' என்று ஒரு வரி எழுதி, பிறகு அழித்துவிட்டேன். சிலர் அதைப் பார்த்துவிட்டார்கள். அது பிழை. முதல் நாளே அவர் அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறார், தாள் என் கண்ணால் கண்டேன். அந்தத் தாள் மேசையில் கிடந்தது.

சிறை வைத்தியர்கள் ஜெயிலரின் கீழ் வேலை செய்பவர்கள் என்று நினைத்திருந்தேன். அவர்களை நியமிப்பது சுகாதார அமைச்சு. ஆனால் வாகனம், காவல், சாவி எல்லாம் சிறைச்சாலைத் திணைக்களத்திடம். அதுதான் முடிச்சு. வைத்தியர் 'இன்றைக்கே போக வேண்டும்' என்கிறார். போகிறாரா இல்லையா என்பதை வைத்தியம் படிக்காத ஒருவர் முடிவு செய்கிறார். மண்டேலா விதிகளில் 27ஆவது இதை நேராகவே சொல்கிறது: வைத்திய முடிவை வைத்தியத் துறையினர் மட்டுமே எடுக்கலாம், சிறையின் மற்ற ஊழியர்கள் அதை மாற்றவோ புறக்கணிக்கவோ கூடாது.

6 மார்ச், இரவு 8.50

ஓய்வுபெற்ற சிறைக் காவலர் ஒருவர் எனக்குத் தனியே எழுதினார். அனுமதியோடு போடுகிறேன். 'தம்பி, ஒருவரை வெளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இரண்டு பேர் வேண்டும். வார்ட்டில் வைத்தால் இராப்பகலாக ஆறு பேர். அன்றைக்குப் புதுக்கடை கோர்ட்டுக்கு ஆட்களை ஏற்றினால் பஸ்ஸும் இல்லை, ஆளும் இல்லை. கைதி தப்பினால் என் வேலை போகும். கைதிக்குக் கிளினிக் தவறினால் எனக்கு ஒன்றும் ஆகாது. நான் எதைப் பார்ப்பேன்?'

ஐயா, உங்கள் கடைசி இரண்டு வரியை நான் பல தடவை வாசித்தேன். முடிச்சு எங்கே இருக்கிறது என்று உங்களைப் போல் யாரும் எனக்குச் சொல்லவில்லை. தப்பி ஓடினால் விசாரணை உண்டு. தவறிய கிளினிக்குக்கும் அதேபோல ஒரு பதிவு இருக்கட்டும்: எழுதிய தேதி, அனுப்பிய தேதி, அனுப்பாவிட்டால் ஏன், யார் கையெழுத்து. ஒரு கொப்பி போதும்.

அப்புறம் இன்னொன்று தோன்றியது. முப்பது சீனிக்காரரை அறுபது காவலரோடு கிளினிக்குக்கு ஏற்றுவதைவிட, ஒரு விசேட வைத்தியரை மாதம் இரண்டு தரம் உள்ளே கூட்டிப்போவது மலிவு. இரத்தம் எடுத்துக்கொண்டு வரலாம். கண்ணுக்கும் சத்திரசிகிச்சைக்கும் மட்டும் வெளியே போனால் போதும்.

7 மார்ச், காலை 6.30

'நெருக்கடி இருக்கிற வரை எந்த வைத்தியமும் பலிக்காது' என்று ஒருவர் எழுதியிருப்பது சரிதான். கொள்ளளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆட்களை அடைத்து வைத்திருக்கிறோம். சொறி, டெங்கு, எலிக்காய்ச்சல், சயரோகம் எல்லாவற்றுக்கும் அது வாசல். இரண்டு கிழமைக்கு மேல் இருமுகிறவருக்குச் சளிப் பரிசோதனை என்பது வெளியில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த விதி. உள்ளே ஒருவர் இருமினால் நூறு பேர் அதே காற்றை மூச்செடுக்கிறார்கள். அந்த நூறு பேரில் பலர் ஒரு மாதத்தில் பிணையில் வந்து மட்டக்குளி பஸ்ஸில் நம் பக்கத்தில் உட்காருவார்கள். உள்ளேயிருப்பவரின் வருத்தம் உள்ளேயே நிற்பதில்லை.

2023 டிசம்பரில் 'யுக்திய' என்ற பொலிஸ் போதை ஒழிப்பு நடவடிக்கை தொடங்கிய பிறகு தூள் வழக்கில் சிறைக்குப் போனவர்கள் ஏராளம். குடியையும் தூளையும் திடீரென்று நிறுத்தினால் உடம்பு என்ன பாடுபடும் என்பதற்குத் தனியாக எழுத வேண்டும். பிறகு எழுதுகிறேன்.

7 மார்ச், இரவு 9.15

வெளிநாட்டில் எப்படி என்று கேட்டவருக்கு: நோர்வே 1988இல் சிறை வைத்தியத்தைப் பொதுச் சுகாதாரத்தோடு சேர்த்தது. பிரான்ஸ் 1994இல் சட்டம் போட்டுப் பொது ஆஸ்பத்திரிகளிடம் கொடுத்தது. இங்கிலாந்தில் 2006க்குள் தேசிய சுகாதார சேவைக்குப் போய்விட்டது. எங்களிடம் வைத்தியர் ஏற்கெனவே சுகாதார அமைச்சின் ஆள். பாதி வழி வந்துவிட்டோம். மீதிப் பாதியில் வாகனமும் சாவியும் இருக்கின்றன. இன்றும் சிறைகளை நடத்துகிற அடிப்படைச் சட்டம் 1877ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது 1921இல்.

8 மார்ச், பிற்பகல் 3.30

மொழியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு அதுதான் பெரிய மதில்.

மாமாவின் அறையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்து ஐயா ஒருவர் இருந்தார். சிங்களம் சுத்தமாக வராது. ஒரு விடியற்காலை 'நெஞ்சை அடைக்குது, நெஞ்சை அடைக்குது' என்று சொல்லியிருக்கிறார். அரைகுறைச் சிங்களம் தெரிந்த ஒரு பையன் காவலரிடம் 'பபுவ தெவில்ல' என்று சொல்லிவிட்டான். அது நெஞ்செரிச்சல். கஸ்ட்ரைட்டிஸ் குளிசை வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் மாரடைப்பு என்று தெரிந்தது. ஐயா தப்பினார். 'பபுவ ஹிரவெனவா' என்று சொல்லியிருந்தால் யாருக்கும் விளங்கியிருக்கும். இறுகுவது, அடைப்பது. சிங்களத்தில் அந்த 'ஹிர' என்ற சொல்தான் சிறைக்கும். ஐயா நாலு மாதமாக அதற்குள்ளேதான் கிடந்தார், அந்தச் சொல் அவருக்குத் தெரியாது.

தமிழும் அரச கரும மொழி என்று 13ஆம் திருத்தத்தில் எழுதி 1987 முதல் இருக்கிறது. சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லவில்லை. நெஞ்சு, மூச்சு, தலைச்சுற்று, வலிப்பு, இரத்தம், சிறுநீர் என்று ஒரு முப்பது சொல், தமிழிலும் சிங்களத்திலும், உடம்புப் படத்தோடு ஒரு மட்டையில் அச்சடித்து ஒவ்வொரு விறாந்தையிலும் தொங்கவிடலாம். விரலால் தொட்டுக் காட்டட்டும். நான் ஒன்று கீறி வைத்திருக்கிறேன். மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க இரண்டு மொழியும் தெரிந்த வைத்தியர் இருந்தால் எழுதுங்கள்.

9 மார்ச், இரவு 11.00

வெலிக்கடைச் சிறையை ஏன் இழுக்கிறீர்கள் என்று ஒருவருக்குக் கோபம். நான் இழுக்கவில்லை, பேஸ்லைன் ரோட்டில் போகிற எந்தத் தமிழருக்கும் அந்த மதிலைக் கண்டால் 1983 ஜூலை ஞாபகம் வரும். உள்ளே கொல்லப்பட்ட தமிழ்க் கைதிகள் 25ஆம் தேதி 35 பேர், 27ஆம் தேதி 18 பேர். அந்த 53 பேரில் ஒருவர் வைத்தியர், காந்தியம் என்ற தொண்டு இயக்கத்தின் இராஜசுந்தரம். அரசின் காவலில் இருந்தவர்கள். அப்பா அந்தக் கதையைச் சொல்லும்போது, 'உள்ளே எடுத்தால் உயிருக்குப் பொறுப்பு எடுத்தவன்தான்' என்று மட்டும் சொல்வார், அதற்கு மேல் கதைக்க மாட்டார்.

மஹர சிறையையும் மறக்க வேண்டாம். 2020 நவம்பர் 29. கொரோனா உள்ளே பரவுகிறது என்ற பயத்தில் தொடங்கிய குழப்பம், 11 பேர் செத்தார்கள். அவர்களில் எந்த மொழிக்காரர் எத்தனை பேர் என்று நான் எண்ணப் போவதில்லை. வருத்தத்துக்குப் பயந்தவர்கள் அவர்கள்.

13 மார்ச், மாலை 6.20

இன்று போயா. மாமா வீட்டுக்குப் போனேன். இந்த இழை முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, 'ஒன்று உனக்குத் தெரியாது மருமகன்' என்றார்.

முதல் நாள் அவரைக் கொண்டுபோனபோது யாரும் வருத்தத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்றுதான் இவ்வளவு காலமும் நான் நினைத்திருந்தேன். கேட்டிருக்கிறார்கள். நாற்பது பேர் வரிசையில், சாரத்தோடு குந்தியிருக்க, மேசையில் இருந்தவர் 'லெடக் தியெனவத?' என்று சத்தமாகக் கேட்டிருக்கிறார். வருத்தம் ஏதும் இருக்கிறதா? மாமாவுக்கு நன்றாக விளங்கியிருக்கிறது. 'நே' என்று சொல்லிவிட்டார்.

'ஏன் மாமா?'

'முன்னால் இருந்தவன் இருக்கிறது என்றான். எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவனை வேறு பக்கம் கூட்டிப் போனார்கள், எங்கே என்று தெரியாது. எனக்குக் கூட வந்த தெரிந்த முகம் ஒன்றே ஒன்று. அதை விட்டுப்போகப் பயமாக இருந்தது.'

இரண்டாம் நாள் தலை சுற்றிய பிறகுதான் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் நான் புதுக்கடையில் சட்டத்தரணியின் கையில் கொடுத்த கிளினிக் கொப்பியைத் தேடியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தும் இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் பத்து நாளாகச் சாவி, வாகனம், காவல் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் வேண்டும்தான். ஆனால் முதலாவது வேண்டியது ஒரு திரையும் ஒரு கதிரையும். திரைக்குப் பின்னால் ஒருவரை உட்காரவைத்து, அவருடைய மொழியில், வைத்தியரோ மிஸியோ கேட்க வேண்டும்: என்ன குளிசை போடுகிறீர்கள், எப்போது கடைசியாகப் போட்டீர்கள், யாராவது அடித்தார்களா, குடிக்கிற பழக்கம் உண்டா, வாழ வெறுப்பாக இருக்கிறதா. மண்டேலா விதிகளில் 30ஆவது விதி கேட்கச் சொல்கிற விஷயங்கள்தான் இவை. பரிசோதனை இரகசியமாக நடக்க வேண்டும் என்று 31ஆவது விதி சொல்கிறது. அந்த இரண்டு விதியும் ஏன் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்று மாமா சொல்லித்தான் எனக்கு விளங்கியது.

14 மார்ச், இரவு 9.30

சிறைக்கு முந்தியது பொலிஸ் கூடு. குடியைத் திடீரென்று நிறுத்துவதைப் பற்றி எழுதுவதாகச் சொன்னேன், அதையும் இதோடு சேர்த்து எழுதுகிறேன். சாதாரண வழக்கில் 24 மணித்தியாலத்துக்குள் நீதவானிடம் கொண்டுபோக வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் மாதக்கணக்கில் தடுத்து வைக்கலாம். இந்தியாவில் டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், காவலில் இருப்பவரை 48 மணித்தியாலத்துக்கு ஒருமுறை வைத்தியர் பரிசோதிக்க வேண்டும் என்று கட்டளையிட்டது.

பொலிஸ் கூட்டில் ஆட்களைக் கொல்கிற சில விஷயங்கள் வெளியே பார்க்கச் சாதாரணமாகத் தெரியும். தினமும் குடிக்கிறவர் நிறுத்தினால் இரண்டாம் மூன்றாம் நாளில் உடல் நடுங்கும், இல்லாததெல்லாம் தெரியும், வலிப்பு வரும், உயிரும் போகலாம். வெறி என்று விட்டுவிடுவார்கள். தலையில் அடிபட்டவரையும் அப்படித்தான் 'குடிகாரன், படுக்கட்டும்' என்பார்கள். தட்டி எழுப்பினாலும் எழும்பாத ஆள் நித்திரை கொள்ளவில்லை. சிறுநீரகம் இன்னொன்று. தசையில் பலமாக அடி விழுந்தால், நசிந்த தசையில் இருந்து வருகிற பொருள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போகும், குறையும். வெளியில் எலும்பு முறிவு ஒன்றும் இருக்காது. அந்த நிறத்தைக் கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. காவலில் இருப்பவர்களும் காவல் காப்பவர்களும் இந்த ஒரு விஷயத்தையாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

காயங்களைப் பார்த்து நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுகிற சட்ட வைத்திய அதிகாரியிடம் கொண்டுபோகும்போது பொலிஸ்காரர் அறைக்குள் நிற்கக் கூடாது. கூட்டிவந்தவர் காதுபடக் கேட்டால், 'விழுந்துவிட்டேன்' என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். மாமா 'நே' என்ற மாதிரி.

15 மார்ச், காலை 10.00

குடும்பத்தார் என்ன செய்யலாம் என்று ஐந்தாறு பேர் கேட்டிருக்கிறீர்கள். என் அனுபவம் இது. கிளினிக் கொப்பியைக் கொடுத்துவிட வேண்டாம், பிரதி எடுத்துக் கொடுங்கள். மூலம் வீட்டில் இருக்கட்டும். குளிசையின் பெயர், அளவு, நேரம் மூன்றையும் பார்க்கிற வைத்தியரிடம் ஒரு கடிதமாக எழுதி வாங்குங்கள். சட்டத்தரணியிடம் சொல்லி முதல் நாளே திறந்த நீதிமன்றத்தில் வருத்தத்தைச் சொல்ல வைத்து, வழக்கேட்டில் பதியச் செய்யுங்கள். 'தேவையான சிகிச்சை அளிக்கவும்' என்ற பொதுக் கட்டளை போதாது. இன்சுலின் என்றால் இன்சுலின் என்ற சொல் இருக்க வேண்டும். சிறையில் நலன்புரி உத்தியோகத்தரைப் பெயர் கேட்டு நேரில் பாருங்கள். வேறு சிறைக்கு மாற்றினால் வைத்தியக் கோவையும் கூடப் போனதா என்று கேளுங்கள், அது கூடப் போக வேண்டும் என்பது 26ஆவது விதி.

எதுவும் நடக்காவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழு, 1996 என்ற தொலைபேசி இலக்கம். தடுத்து வைக்கப்பட்டவர்களின் இடங்களைப் போய்ப் பார்க்கிற அதிகாரம் அவர்களுக்குச் சட்டத்தில் இருக்கிறது. 20 சிறைகளுக்குப் போய் அவர்கள் செய்த ஆய்வு 2020 டிசம்பரில் வெளிவந்தது, வைத்தியத்துக்குத் தனி அத்தியாயமே உண்டு. உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் அவகாசம். நாங்கள் விரல் போன கவலையில் அந்த மாதத்தைத் தவறவிட்டோம். நீங்கள் தவறவிடாதீர்கள்.

15 மார்ச், இரவு 8.40

கொட்டாஞ்சேனை வாசகர் மறுபடி வந்திருக்கிறார். 'ராஜ உபசாரம் என்ற சொல்லைத் திருப்பி எடுக்கிறேன், ஆனால் வெளியிலும் மருந்து வேண்டும் என்பதை விடமாட்டேன்' என்று எழுதியிருக்கிறார். விட வேண்டாம் அண்ணா. சேர்ந்தே கேட்போம்.

16 மார்ச், மாலை 5.10

வத்தளையில் இருந்து எழுதிய தங்கைக்கு: தம்பிக்கு வலிப்பு என்கிறீர்கள், வெள்ளிக்கிழமை பின்னேரத்தில் இருந்து குளிசை போடவில்லை என்கிறீர்கள். வலிப்புக் குளிசை திடீரென்று நின்றால் வலிப்புத் தொடர்ந்து வரலாம். திங்கள் வரை பொறுக்க வேண்டாம். இப்போதே அந்தப் பொலிஸ் நிலையத்துக்குப் போய்ப் பொறுப்பதிகாரியைக் கேளுங்கள், குளிசைப் பெட்டியையும் கடிதத்தையும் காட்டுங்கள், வாங்க மறுத்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டு அங்கேயிருந்தே 1996ஐ அழையுங்கள். தம்பிக்கு வலிப்பு வந்துவிட்டால் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லுங்கள், அது இலவசம்.

நாளை காலை எட்டு மணிக்கு நான் புதுக்கடையில் நிற்பேன். கிளினிக் கொப்பியை மூன்று பிரதி எடுத்து வாருங்கள். முதல் பக்கத்தில் அவர் போடுகிற குளிசையின் பெயரைப் பெரிதாக எழுதுங்கள். சிங்களத்தில் எழுதுவதை நான் வந்து எழுதித் தருகிறேன்.